விளங்குது, எழுதத்தான் வருதில்ல

"டீச்சர், நீங்க சொல்லக்குள்ள எல்லாம் விளங்குது. பேனையப் பிடிச்சா ஒண்டும் வருதில்ல." தவணைப் பரீட்சையின் புவியியல் விடைத்தாளைத் திருப்பி வாங்கும்போது பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் இப்படிச் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, என்னைப் புகழ்வதாகத்தான் நினைத்திருப்பான். நானும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர்தான், ஆசிரியர்கள் தத்தம் பலங்களைக் கண்டறிவது பற்றிய செயலமர்வொன்றில், உளவியலாளர்களான கிறிஸ்ரோபர் பீற்றர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் வகுத்தளித்த 24 குணப் பலங்களை எமக்குப் பொருந்தும் வகையில் வரிசைப்படுத்தினோம். எனக்கு உற்சாகம் முதலாவதாகவும் தற்கட்டுப்பாடு கடைசியாகவும் வந்தன. தற்கட்டுப்பாடு பல நாடுகளிலும் கடைசி இடங்களில்தான் வருகிறது என்று வளவாளர் சொன்னதைக் கேட்டு ஆறுதலடைந்தவர்களுள் நானும் ஒருத்தி.

வகுப்பில் என் உற்சாகம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவில் கலப்பதோடு கதை முடியவில்லை என்றும், குடாவுக்கு அப்பால் கடலடியில் பெரும் பள்ளத்தாக்கொன்று நீள்கிறது என்றும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்காகத்தான் என்றும் நான் சொல்லிக்கொண்டே போக, நாற்பது நிமிடப் பாடவேளை முடிந்துவிடும். இதை வீண்பேச்சு என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தினமும் பார்க்கும் கடலைப் பாடப்புத்தகத்தோடு சேர்த்துப் பார்க்க வைப்பதற்கு வேறு வழி எனக்குத் தெரியாது. ஆனால் பரீட்சையில் 1:50,000 இடவிளக்கப்படத்தைக் கையில் கொடுத்து, நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறுக்குவெட்டுமுகம் வரையச் சொல்கிறார்கள்.

ஆகவே அடுத்த அலகில் பத்து நிமிடம் மட்டும் பேசுவதென்று தீர்மானித்தேன். பிறகு ஆளுக்கொரு கடதாசித் துண்டு. அதன் விளிம்பைப் படத்திலுள்ள கோட்டின்மேல் பொருத்தி, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் வந்து தொடும் இடங்களிலெல்லாம் சிறு கீறு போட்டு, ஒவ்வொரு கீறின் கீழும் உயரத்தை எழுத வேண்டும். வகுப்பு அமைதியாக இருந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. என் கதைகளின்போது யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவி ஒருத்தி, அடுத்தடுத்த இரண்டு கீறுகளிலும் 100 என்றே வந்திருப்பதைக் காட்டி, "நடுவில ஏறுதா, இறங்குதா டீச்சர்?" என்று கேட்டாள். இத்தனை காலம் நான் சொன்ன எந்தக் கதையும் அவளிடமிருந்து ஒரு கேள்வியை வரவழைத்ததில்லை. எழுத வருகுதில்லை என்று சொன்னவனோ, கடதாசியை நாலாக மடித்து வைத்துவிட்டு நான் பேசத் தொடங்குவேன் என்று காத்திருந்தான். யாருக்காக இந்த மாற்றத்தைச் செய்தேனோ, அவனுக்கு அது உதவவில்லை.

இதை எங்கள் கணித ஆசிரியரிடம் சொன்னபோது, "உங்களுக்குச் சரக்கு வாயில இருக்கு, எனக்குக் கொப்பியில இருக்கு. நீங்க ஏன் டீச்சர் என்ட கடைக்கு வாறீங்க?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். செயலமர்வில் எமக்குச் சொல்லப்பட்டதும் ஏறத்தாழ இதுதான்: உள்ள பலத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்த மாணவியின் கேள்வி என் பலவீனத்திலிருந்து, அதாவது நான் வாயை மூடிக்கொண்டு வருந்திய நேரத்திலிருந்து, வந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எங்கள் பலங்களை வரிசைப்படுத்திய அந்த நாள் முழுவதும், பிள்ளைகளுக்கு எது குறைகிறது என்ற பேச்சே எழவில்லை என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது.

மறுபக்கமும் உண்டு. அந்த மாணவன் பாடசாலைக்கு ஒழுங்காக வருபவன் அல்லன். வருகின்ற நாட்களிலும் புவியியல் பாடவேளை வரைக்கும்தான் இருப்பான் என்று வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார். கதையை நிறுத்தினால் அவன் வராமலே போய்விடக்கூடும். அல்லது, என் பேச்சு இல்லாமல் வகுப்பு நடக்காது என்று நம்ப விரும்புவதனால்தான் இப்படி எண்ணுகிறேனோ என்றும் தோன்றுகிறது.

இதற்கிடையில், தன் பலத்தை வகுப்பறையில் நன்கு பயன்படுத்தும் ஆசிரியை என்ற முறையில் அடுத்த செயலமர்வில் அரை மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பேசச் சொன்னால் நான் நன்றாகப் பேசிவிடுவேன். கேட்பவர்களுக்கு எல்லாம் விளங்கியும் விடும்.