அந்த ஆறு சுழியங்களும் விருப்பப் பாடமும்

அக்காள் மகன் இயந்திரப் பொறியியலில் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைகிறான். விருப்பப் பாடங்களின் பட்டியலைக் கைப்பேசியில் அனுப்பி, "மாமா, இதில் எது ஸ்கோரிங்?" என்று கேட்டிருந்தான். அதே கேள்வியைச் சீனியர்களிடம் கேட்டு, நேரியல் இயற்கணிதத்தை விட்டுவிட்டு, பழைய வினாத்தாள்களைப் புரட்டினாலே தேறிவிடக்கூடிய ஒரு பாடத்தை எடுத்தவன் நான் என்பதால், பதிலைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று.

முதலாண்டில் நாங்களும் நேரியல் இயற்கணிதத்தில் வரும் ஐகன் மதிப்பு, அதாவது ஓர் அணிக்கு (மேட்ரிக்ஸ்) உரிய சிறப்பு எண்கள், படித்தோம்: மூன்றுக்கு மூன்று அணி, கெய்லி-ஹாமில்டன் தேற்றம், பதினாறு மதிப்பெண். ஒரு பொருள் தானாக அதிரும் இயல்பு அதிர்வெண்ணுக்கும் அதற்கும் உறவு உண்டென்று யாரும் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கவனித்திருப்பேனா என்பது வேறு கதை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பிராக்கெட்டின் அதிர்வுகளை மென்பொருளில் கணக்கிட்டபோது, முதல் ஆறு அதிர்வெண்களும் ஏறத்தாழச் சுழியமாக வந்தன. மென்பொருளில்தான் கோளாறு என்று நம்பி இரண்டு நாள் மெஷ்ஷை (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில், பிராக்கெட்டை எதனோடும் பிணைக்க மறந்திருந்தேன். எங்கும் பிணைக்கப்படாத திடப்பொருள் மூன்று திசைகளில் நகர்வதையும் மூன்று அச்சுகளில் சுழல்வதையும் அதன் விறைப்பு தடுப்பதில்லை. அந்த ஆறு அசைவுகளும் சேர்ந்ததே விறைப்பு அணியின் சுழிவெளி, அதாவது அந்த அணி சுழியமாக்கிவிடும் அசைவுகளின் தொகுப்பு. நேரியல் இயற்கணிதம் படித்தவனுக்கு அந்த ஆறு சுழியங்களே விடையாக இருந்திருக்கும்.

அடுத்ததாக, கணினியில் தோராயமாக விடை காணும் எண்ணியல் முறைகளைச் (நியூமரிக்கல் மெத்தட்ஸ்) சொல்வேன். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், எதிரி ஏவுகணைகளை இடைமறிக்கும் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, ஈராக் ஏவிய ஒரு ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டதில் 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தனர். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது; 0.1 என்ற எண் இரும முறையில் முடிவில்லாமல் நீள்வதால், 24 பிட்டுகளில் அதை வெட்டிவைத்திருந்தார்கள். நூறு மணி நேரம் தொடர்ந்து இயங்கியதில் அந்தச் சிறு வெட்டு ஏறத்தாழ 0.34 நொடிப் பிழையாக வளர்ந்துவிட, அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். சமன்பாட்டுக்குப் படிப்படியாக விடை நெருங்கும் நியூட்டன்-ராப்சன் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைக்கும் ஆசிரியரைவிட, பிழை எங்கே பிறந்து எப்படி வளர்கிறது என்று காட்டும் ஆசிரியர் வாய்த்தால் இப்பாடத்தை யோசிக்காமல் எடுக்கலாம்.

நிகழ்தகவும் புள்ளியியலும் எல்லாத் துறையினருக்கும் வேண்டும். அதில் வாதத்துக்கு இடமில்லை.

அறிவியலில், அவனுக்கு மின்வாகனங்களில் ஆர்வம் இருப்பதால் மின்வேதியியலைச் சொன்னேன். கடுங்குளிரில் லித்தியம் அயனி செல்லை வேகமாகச் சார்ஜ் செய்தால், எதிர்மின்வாயான கிராஃபைட்டுக்குள் புக வேண்டிய லித்தியம் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். பேட்டரிப் பெட்டிக்கு வெப்ப மேலாண்மை அமைக்கப்போகிறவன் அந்தப் பெட்டியை வெறும் வெப்பமூலமாக மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

கல்லூரியில் இவற்றை நடத்த ஆள் இல்லையென்றால் ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத்தளமான என்பிடெல் இருக்கிறது. அங்கே வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும் தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் என்பதால், காணொளிகளை ஓடவிட்டுத் தூங்கிவிட முடியாது. அந்த மதிப்பெண்ணைத் துறை ஏற்றுக்கொள்ளுமா என்று பதிவு செய்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.