தோழிக்கு ஒரு விருது: பரிந்துரை செய்து முடிப்பதற்குள் பட்ட பாடு

என்னோடு படித்தவளுக்குப் போன மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தின் சிறந்த முன்னாள் மாணவர் விருது கிடைத்தது. பரிந்துரைத்தது நான். முதல் முறை தள்ளுபடி ஆனது, இரண்டாம் முறைதான் ஏற்றார்கள், நடுவில் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. யாரையாவது பரிந்துரைக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் நான் அலைந்த அலைச்சலை அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தகுதி உள்ளவர்களைப் பல்கலைக்கழகமே தேடிப் பிடித்துக் கௌரவிக்கும் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து காகிதங்களைச் சேர்த்து அனுப்பினால்தான் அந்தப் பெயர் தேர்வுக் குழுவின் மேசைக்கே போகிறது. தனக்குத் தானே விண்ணப்பிக்கவும் முடியாது. நோபல் பரிசிலும் இந்த விதி உண்டு. ஆனால் நோபலில் யார் யாரைப் பரிந்துரைத்தார்கள் என்பதை 50 ஆண்டுகள் வெளியே விட மாட்டார்கள், எங்கள் படிவத்திலோ பரிந்துரைக்கப்படுபவரின் கையெழுத்தையே கேட்டார்கள். அதனால் அவளிடம் சொல்லாமல் செய்ய வழியில்லை. “எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?” என்று இரண்டு மாதம் இழுத்தடித்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

உண்மையான தலைவலி அவள் பெயரில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெயரின் பின்பாதி மாறிவிட்டது. வேலை, கட்டுரைகள், பொறுப்புகள் எல்லாம் புதுப் பெயரில், பட்டம் மட்டும் பழைய பெயரில். இணையப் படிவத்தில் புதுப் பெயரைப் போட்டால் “விவரங்கள் பொருந்தவில்லை” என்று வந்தது. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. லீவு போட்டு நேரில் போனேன். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, “இந்தப் பேர்ல இங்க யாரும் படிக்கலைங்க மேடம்” என்றார். நாலு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான், என்னிடமே அப்படிச் சொன்னார். பெயர் மாறிய கதையைச் சொன்னதும், அதற்கு ஆதாரமும் அவள் கைப்பட எழுதிய அனுமதிக் கடிதமும் வேண்டும் என்றார். இதைப் படிவத்திலேயே ஒரு வரி போட்டிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது.

அடுத்த வாரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். பழைய பெயரிலும் கிடைக்கவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த அம்மா ஒருவர்தான், “எந்த வருஷம் போட்டீங்க?” என்று கேட்டார். 1998 என்றேன். “அது படிப்பு முடிச்ச வருஷம்மா. இங்க பட்டமளிப்பு நடந்த வருஷத்தை வச்சுதான் ஏத்தியிருப்பாங்க” என்று எழுந்து போய், உள்ளேயிருந்து தடிமனான பதிவேடு ஒன்றைத் தூக்கி வந்தார். பழுப்பேறிய தாள், நீல மையில் கையெழுத்து. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தவர் 1999 பட்டியலில் 47ஆவது வரியில் நிறுத்தினார். அவளுடைய பழைய பெயரும் பதிவு எண்ணும் அங்கே இருந்தன. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். பட்டச் சான்றிதழில் எந்தத் தேதி அச்சாகியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது பரிந்துரைக் கடிதங்கள், மொத்தம் மூன்று. எழுதுபவர் தன் அலுவலக மெயிலிலிருந்து நேராக அனுப்ப வேண்டும். ஒருவர் சொந்த மெயிலிலிருந்து அனுப்பினார், அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இன்னொருவருடையது அவர்களின் ஸ்பேமில் போய்க் கிடந்திருக்கிறது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு சந்தேகப்பட்டு விசாரித்ததால் தப்பித்தோம். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களேதான் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அலுவலக மெயில் இருக்காது, அவர்களுக்கு என்ன வழி என்று ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் முதல் வருடம் தேறவில்லை. காரணம் நான் எழுதிய 500 சொல் குறிப்பு என்று இப்போது புரிகிறது. “அயராத உழைப்பு”, “தன்னலமற்ற சேவை” என்று நிரப்பி வைத்திருந்தேன். இப்படிப்பட்ட குழுவில் முன்பு இருந்த பேராசிரியர் ஒருவரிடம் காட்டியபோது, “இதுல அவங்க பேரை எடுத்துட்டு வேற யார் பேரை வேணா போடலாமே” என்றார். சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

இரண்டாம் முறை அவள் செய்த வேலையை மட்டும் எழுதினேன். அவள் குடிநீர்ப் பொறியாளர். சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் சரியாக இருந்தால் போதாது, குழாயில் போகப் போக அது குறைந்துகொண்டே வரும், அதனால் கடைசி வீட்டுக் குழாயில்தான் அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள். ஒரு முறை அவளோடு போயிருந்தேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டு மூடி ஆட்டினாள். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசிக் குழாயில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. அன்று நிறமே வரவில்லை. எங்கே குறைகிறது என்று குழாய்ப் பாதையிலேயே பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு இடமாக நிறுத்திக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதை அப்படியே எழுதினேன். 14 பக்க பயோடேட்டாவை 2 பக்கமாக்கினோம், பழைய பெயரையும் புதுப் பெயரையும் முதல் வரியிலேயே போட்டோம். கடிதம் கொடுப்பவர்களிடமும், “நல்லவர், திறமைசாலி என்று மட்டும் வேண்டாம் சார், நீங்கள் நேரில் பார்த்த ஒரு வேலையை எழுதுங்கள்” என்று கேட்டு வாங்கினேன்.

தேர்வானதாக மெயில் வந்தது. அதோடு முடியவில்லை. மேடையில் வாசிக்கும் குறிப்பையும் கேடயத்தில் பொறிக்கும் வாசகத்தையும் சரிபார்க்க அனுப்பினார்கள், 2 நாள் அவகாசம். இரண்டிலும் பழைய பெயர் மட்டும் இருந்தது. பதிவேட்டில் இருப்பதைத்தான் போட முடியும் என்றார்கள். நாங்கள் கொடுத்த ஆதாரத்தின் நகலை மறுபடி அனுப்பி, இரண்டு பெயரும் வர வேண்டும் என்று நாலு முறை போனில் நின்று வாங்கினேன். அந்த மெயிலைத் தயவுசெய்து அவசரத்தில் “சரி” என்று அனுப்பிவிடாதீர்கள், பொறித்த பிறகு மாற்ற முடியாது.

விழாவில் இரண்டு பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். பழைய பெயரைச் சொன்னதுமே பின் வரிசையில் இருந்த எங்கள் வகுப்பு மொத்தமும் எழுந்து கைதட்டியது. புதுப் பெயரைச் சொன்னபோது இந்தப் பக்கம் அவளோடு வேலை செய்பவர்கள் எழுந்தார்கள்.