கத்திரி வெயிலில் இன்டர்கூலர்

ஏப்ரல் 29

பெட்டி வந்துவிட்டது. என் காருக்கு வாங்கிய பெரிய இன்டர்கூலர். டர்போ அழுத்தும்போது காற்று சூடாகும், அது இன்ஜினுக்குள் போவதற்கு முன் குளிரவைப்பது இதுதான். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பிரித்தால் ஒரு மூலையில் ஃபின்கள், அதாவது மெல்லிய உலோக இதழ்கள், மடங்கிக் கிடக்கின்றன, கட்டைவிரல் அகலத்துக்கு. காற்று போகிற வழி அது. அப்படியே விட மனசு வரவில்லை. தையல் ஊசியும் கண்ணாடிக் கடை ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபின்னும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் மாதிரி. வேகமாக நிமிர்த்தினால் கிழியும். ஊசியை அடியில் கொடுத்து, மெதுவாக மேலே தூக்கி, பக்கத்து ஃபின்னோடு வரிசை பார்த்து, அடுத்தது. முடிக்கும்போது மணி பதினொன்றரை.

அப்பாவும் தூங்கவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லவும் இல்லை.

ஏப்ரல் 30

அப்பாவின் ரிப்போர்ட்டுக்கு ஏழு நாள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இன்று ஐந்து.

மே 1

லீவு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி குறைவாக இருக்கும் என்று மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பினேன். மாற்றுவதற்கு முன்னால் கணக்கு எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பிறகு 'நல்லா இருக்கு' என்று மனசு சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

வெளியே 38 டிகிரி. கடல்காற்று இன்னும் உள்ளே வரவில்லை. வண்டியின் சென்சார் கணக்கைப் போனில் காட்டும் ஓபிடி கருவியைச் செருகி, போனை டேஷ்போர்டில் வைத்து, மூன்றாவது கியரில் ஒரே இழுப்பு. இன்ஜினுக்குள் போகிற காற்று 61. திரும்பி வந்து இன்னொன்று, 68. மூன்றாவது தடவை 73. மூன்றாவதில் வண்டி சோர்ந்துவிட்டது, கால் சொல்கிறது. உள்ளே போகிற காற்று சூடானால் இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். தட்டுகிறது என்று சென்சார் சொன்னதும் ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும், இழுவை குறையும். இன்ஜினைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது.

2004-ல் வந்த வண்டி. கம்பெனி கூலர் சக்கரத்துக்கு முன்னால், பம்பர் மூலைக்குள் இருக்கிறது. அளவில் சின்னது. குளிர் நாட்டுக்கு அது போதும். தண்டையார்பேட்டை மே மாதத்துக்குப் போதாது.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதும்போது அப்பா எட்டிப் பார்த்தார். "எழுவத்தி மூணா? கூலருக்கு அப்புறமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

மே 2

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை.

மே 3

பம்பரைக் கழற்றினேன். சக்கர வளைவுக்குள் இருந்த ஸ்க்ரூ ஒன்று துருப்பிடித்துத் தலை வழுக்கிவிட்டது. கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரம்தான் எங்கள் தெரு, இங்கே எந்த ஸ்க்ரூவும் பத்து வருஷம் தாங்காது. அதை மட்டும் துளை போட்டு எடுத்தேன், ஒரு மணி நேரம் ஆனது.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். கழுத்தில் பிளாஸ்திரி. தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

புது கூலரை மடியில் வாங்கிப் பார்த்தார். "இன்னாடா, இம்மாம் வெயிட்டு கீது." பார் அண்ட் பிளேட், பட்டையும் தகடும் அடுக்கிச் செய்தது, அதனால் கனம் என்றேன். சூட்டை உடனே கக்காமல் கொஞ்ச நேரம் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், திரும்பத் திரும்ப இழுத்தாலும் தாங்கும். அவர் ஒரு பக்க வாயில் ஊதி, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

அப்பாவுக்கு ரயில்வே டீசல் ஷெட்டில் 34 வருஷம். டபிள்யூடிஎம்-2 இன்ஜினில் 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். அதிலும் டர்போ உண்டு, அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றைக் குளிரவைக்க ஒரு பெட்டி உண்டு. அங்கே அதற்கு ஆஃப்டர்கூலர் என்று பெயர். குளிர்விப்பது தண்ணீர். "உங்களுது ஒழுவுனா காத்து போவும், அவ்ளோதான். எங்களுது ஒழுவுனா தண்ணி சிலிண்டருக்குள்ள எறங்கும். அத்தோட ஸ்டார்ட் பண்ணா கனெக்டிங் ராடு வளைஞ்சுரும்." அதனால் நின்றிருந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிலிண்டரில் இருக்கும் டெஸ்ட் காக் என்கிற சின்னக் குழாயைத் திறந்து வைத்துக் கையால் சுற்றிப் பார்ப்பார்களாம், தண்ணீர் பீச்சுகிறதா என்று. இதை நான் முப்பது வருஷமாகக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பழைய கூலரைக் கவிழ்த்தபோது இரண்டு ஸ்பூன் ஆயில் வந்தது. இன்ஜின் மூச்சுக்குழாய் வழியாக வருவது, இந்த வயதில் சகஜம். ஹோஸ்களை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் காயவைத்தேன்.

மே 4

கத்திரி ஆரம்பம். காலை ஆறு மணிக்கே பனியன் நனைந்துவிட்டது.

கோர், அதாவது கூலரின் ஃபின் உள்ள நடுப்பகுதி, உட்காரவில்லை. 550-க்கு 140, கனம் 65 மில்லிமீட்டர், எல்லாம் முன்பே அளந்ததுதான். ஆனால் பம்பருக்குள் இருக்கும் இரும்பு பீம் நடுவில் கொஞ்சம் கீழே வளைகிறது. அந்த வளைவை நான் அளக்கவில்லை. 12 மில்லிமீட்டர் இடிக்கிறது.

பீமை வெட்டிவிடு என்கிறான் நண்பன். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள், கிரைண்டரில் பத்து நிமிஷ வேலை. நாள் முழுக்க இதையே யோசித்தேன். முன்னால் ஏதாவது மோதினால் முதலில் வாங்கிக்கொள்வது அந்த பீம்தான். அதன் நடுவில் 12 மில்லிமீட்டர் போனால் எவ்வளவு பலம் போகும் என்று எனக்கு யார் சொல்ல முடியும்? இந்த வண்டியில் அப்பா முன் சீட்டில் உட்காருவார். ஆஸ்பத்திரிக்கு இதில்தான் போகப்போகிறோம், எத்தனை தடவை என்று தெரியாது. வெட்ட மாட்டேன். கூலரைத்தான் கீழே இறக்க வேண்டும். இறக்கினால் கொருக்குப்பேட்டை ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது. அட்டையில் கோர் அளவுக்கு வெட்டி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தரையிலிருந்து அளந்தேன். 15 மில்லிமீட்டர் இறக்கினாலும் பம்பரின் கீழ் உதட்டுக்கு மேலேதான் நிற்கிறது. கீழ் கிரில்லுக்கு நேராக வருகிறது, காற்றும் நன்றாகப் படும்.

ராத்திரி மறுபடி போய் டார்ச் அடித்து அளந்தேன். அதே அளவுதான்.

மே 5

அக்கா போன் செய்தாள். "இந்த நேரத்துல வண்டி வேலையாடா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, "நான்தான் செய்யச் சொன்னேன்மா" என்றார். அவர் சொல்லவில்லை.

மே 6

காலையில் பிராட்வே. போல்ட், வாஷர், இரண்டு அடி எல் ஆங்கிள். மாலையில் லேத்துப் பட்டறை. அலுமினியப் பைப்பில் நான் வெட்டிய முனைகள் மொட்டையாக இருந்தன. மொட்டை முனையில் சிலிகோன் ஹோஸை எவ்வளவு இறுக்கினாலும் டர்போவின் காற்றழுத்தம் ஏறும்போது வழுக்கிக் கழன்றுவிடும். முனையைச் சுற்றி ஒரு வரப்பு வேண்டும். பட்டறை அண்ணன் ஆர்கான் வெல்டிங்கில் மெல்லிய வளையம் ஓட்டிக் கொடுத்தார். நான்கு முனை. ஆர்கான் பாட்டு பாடுகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் போட்டது. பைப்புக்குள் விரல் விட்டு வெல்டிங் மணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தடவினேன். ஒன்று கழன்று போனாலும் நேராக இன்ஜினுக்குள் போகும். அண்ணனும் தடவிப் பார்த்தார். பிறகுதான் காசு வாங்கினார்.

மே 7

கூடுதலாக ஒரு டெஸ்ட் போட வேண்டுமாம். இன்னும் நான்கைந்து நாள். எதற்கு என்று கேட்டேன், டாக்டர் சொல்வார் என்றார்கள்.

அப்பாவிடம் 'லேட்டாகும்' என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றார். அப்புறம், "பைப்பு மாட்டிட்டியா?"

மே 8

மாட்டிவிட்டேன். சக்கரத்துக்கு முன்னாலிருந்து குறுக்கே ஒரு பைப், கோர், அங்கிருந்து மேலே, இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டிலுக்கு இன்னொன்று. ஹோஸை இறுக்கிப் பிடிக்க எட்டு டி-போல்ட் கிளாம்ப். ஸ்டார்ட் ஆனது, ஐடிலில் ஒரு குறையும் இல்லை. தெருமுனை தாண்டி அழுத்தினேன். ஸ்ஸ் என்று ஒரு சத்தம், கண்ணாடியில் கறுப்புப் புகை.

எங்கோ காற்று போகிறது. காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்து முடித்த காற்று வழியில் தப்பிவிட்டால் இன்ஜினுக்கு அது தெரியாது, பழைய கணக்குக்கே பெட்ரோல் ஊற்றும். அதுதான் புகை.

சாப்பிடவில்லை. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை.

மே 9

இரண்டு அங்குல பிவிசி மூடியில் துளை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வைச் செருகினேன். டர்போவிலிருந்து வெளிவரும் ஹோஸைக் கழற்றி அதில் மூடியை இறுக்கி, கையால் தள்ளிக்கொண்டே வண்டியைப் பஞ்சர் கடை வாசலுக்குக் கொண்டுபோனேன். முன்னால் பம்பர் இல்லாத வண்டியைத் தெருவே பார்த்தது. இரண்டு பையன்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். அப்பாவும் நடந்தே வந்தார்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். பத்து பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது என்றேன். லாரி டயருக்கு நூறு அடிக்கிற கம்ப்ரசர் அது. "தெரியும்பா, நீ சோப்பத் தடவு" என்று, துளித் துளியாக விட்டார்.

சோப்புத் தண்ணீர் தடவிய இடம் எல்லாம் அமைதி. கேஜில் முள் மட்டும் இறங்குகிறது. கொஞ்சம் காற்று வால்வுகள் வழியாக இன்ஜினுக்குள் போகத்தான் செய்யும். ஆனால் இது கொஞ்சம் இல்லை. ஒவ்வொரு கிளாம்ப்பையும் மறுபடி இறுக்கினேன். மாறவில்லை.

அப்பா எழுந்து வந்தார். வலது கையை வாளியில் நனைத்தார். இன்ஜின் பக்கம் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, பைப்புக்கு ஒரு விரல்கடை தள்ளிக் கையை மெதுவாக ஓட்டினார். தொடவில்லை. திராட்டிலுக்குக் கீழே, நான் பார்க்கவே முடியாத இடத்தில் கை நின்றது. "இங்க." ஈரக்கையில் காற்று பட்டால் சில்லென்று தெரியுமாம். ஷெட்டில் இருட்டில் அப்படித்தான் பிடிப்பார்களாம்.

கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்த்தேன். கிளாம்ப் வரப்புக்குப் பின்னால் உட்காராமல் வரப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் சரியாகத்தான் தெரியும். கழற்றி, ஹோஸை இன்னும் ஒரு விரல் உள்ளே தள்ளி, கிளாம்ப்பைப் பின்னால் கொண்டுபோய் இறுக்கினேன். பாய் காற்று விட்டார். முள் மெதுவாக, நிதானமாக இறங்கியது. இன்ஜின் குடிப்பது மட்டும்தான்.

பாய் காசு வாங்கவில்லை. அப்பாவின் பிளாஸ்திரி நனைந்திருந்தது, வீட்டில் அம்மா மாற்றிக் கட்டினாள்.

மே 10

பம்பர் மாட்டியாகிவிட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் இவ்வளவு பெரிய கோர் நிற்பதால் இன்ஜின் சூடாகுமோ என்று பயம். மணலி சாலை நெரிசலில் நாற்பது நிமிஷம் ஊர்ந்தேன், ஏசி போட்டு. கூலன்ட் முள் 90-ஐத் தாண்டவில்லை.

மே 11

ஒரு மணி. அதே சாலை, அதே 38 டிகிரி, கடல்காற்று இல்லை. அப்பாவும் வந்தார். போனை அவர் கையில் கொடுத்து, நம்பரைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

முதல் இழுப்பு. "நாப்பத்தி ஏழு."

இரண்டாவது. "நாப்பத்தி ஒம்போது."

மூன்றாவதில் வண்டி சோரவே இல்லை. முதல் தடவை எப்படிப் போனதோ அப்படியே போனது. "அம்பது" என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, "நாப்பத்தி எட்டு. எறங்குதுடா." லாரி வரிசைக்குப் பின்னால் நிற்கும்போதும் போனைக் கீழே வைக்கவில்லை. வீடு வரும் வரை படித்துக்கொண்டே வந்தார்.

மே 12

நாளை பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேராக வாருங்கள் என்றார்கள். ஆட்டோ வேண்டாம், வண்டியிலேயே போகலாம் என்கிறார் அப்பா. சிலிகோன் ஹோஸ் ஒரு தடவை சூடாகி ஆறினால் கொஞ்சம் தளரும். கிளம்புவதற்கு முன் எட்டு கிளாம்ப்பையும் மறுபடி பார்த்துவிட வேண்டும். காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது.