இரண்டாவது சப்பும் 38 ஹெர்ட்ஸும்: 8 மில்லிசெகண்ட் செய்த வம்பு

ஹோம் தியேட்டரில் இரண்டாவது சப்வூஃபரை (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) வைத்து ரிசீவரின் ஆட்டோ செட்டப்பை (தூரத்தையும் சத்தத்தையும் தானே அளந்து அமைப்பது) ஓட்டினால், ஒற்றை சப் இருந்தபோது 38 ஹெர்ட்ஸில் நின்ற மேடு (அந்த ஒலி மட்டும் அளவு மீறி ஒலிப்பது) இன்னும் 4 டெசிபல் ஏறி நிற்கிறது. சப்பில் கோளாறு இல்லை, வயரிங்கும் சரி. வம்பு செய்தது டிலே, அதாவது ஒரு சப்பின் ஒலியைக் கொஞ்சம் தாமதித்து அனுப்புவது.

ஹால் 15-க்கு 11 அடி. செங்கல் சுவர், மேலும் கீழும் கான்கிரீட். பேஸ் கசிய வழியே இல்லாத வழக்கமான சென்னை ஃப்ளாட். நம்ம ஊர் 30 டிகிரிக்கு ஒலி வேகம் நொடிக்கு 349 மீட்டர். அந்தக் கணக்கில் நீளவாக்கு முதல் மோட் (எதிரெதிர் சுவர்களுக்கிடையே அலை மோதித் திரும்பி வீங்கும் அலைவரிசை) 38 ஹெர்ட்ஸ், அகலவாக்கு 52. பேஸ் கிடாரின் அடி ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், மேட்டுக்குப் பக்கத்திலேயே. அதனால் பாட்டில் அந்த ஒரு ஸ்ட்ரிங் மட்டும் ஊதும். படத்தில் குண்டு வெடிக்கும்போது இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இசைதான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு சப்பும் 10 இஞ்ச் சீல்டு (துளையில்லாத பெட்டி), ஒரே மாடல். ஒன்று முன் சுவர் நடுவில், இன்னொன்று பின் சுவர் நடுவில். மூலையில் வைத்தால் 52 கிளம்பி, நடு சீட்டை விட்டுவிட்டு ஓர சீட்டுகளில் மட்டும் ஊதும். பின் சப்புக்கு இடம் விட சோஃபாவை ஒன்றே முக்கால் அடி முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. காது பின் சுவரிலிருந்து 3 அடியில் வருகிறது. வீட்டில் கிடைக்கும் திட்டு தனிக் கணக்கு.

இனி அந்த டிலே. முன் சப் 12 அடி, பின் சப் 3 அடி. இரண்டும் ஒரே நேரத்தில் காதுக்கு வரட்டும் என்று ரிசீவர் பின் சப்பை 8 மில்லிசெகண்ட் தாமதப்படுத்துகிறது. கேட்க நியாயம்தான். ஆனால் நீளவாக்கு மோட் அடங்குவதே இரண்டு சப்பும் எதிரெதிர் முனையில் ஒரே நேரத்தில் தள்ளுவதால். 38 ஹெர்ட்ஸில் 8 மில்லிசெகண்ட் என்பது கிட்டத்தட்ட 109 டிகிரி. ஒன்றையொன்று அடக்க வேண்டியவை கை கோத்துக்கொள்கின்றன.

சரி என்று டிலேயை பூஜ்யமாக்கினால் 38 மேடு படுத்துவிட்டது. பதிலுக்கு 63 ஹெர்ட்ஸில் கிணறு! அந்த அலைவரிசையில் 9 அடி வித்தியாசம் சரியாக அரை அலை, காதில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்தக் கிணற்றை ஈக்யூ (குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் கூட்டிக் குறைப்பது) போட்டு நிரப்பப் பார்ப்பது வீண். ஆம்ப் சூடாகும், கிணறு அப்படியே இருக்கும்.

பிறகு டிலேயை ஒவ்வொரு மில்லிசெகண்டாக ஏற்றி, யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கை நடு சீட்டில் காது உயரத்தில் வைத்து, ஆர்.இ.டபிள்யூ என்ற அளவீட்டு மென்பொருளில் 10 முதல் 200 ஹெர்ட்ஸ் ஸ்வீப். ஃபேன், ஏசி எல்லாம் ஆஃப். வியர்வை போனஸ். 1 மில்லிசெகண்டில் 63 இன்னும் 8 டெசிபல் பள்ளம். 3-ல் 38 தலைதூக்குகிறது, 4-ல் ஒற்றை சப் போட்ட நிலைமையேதான். 2-ல் 38 மேடு ஒற்றை சப்பைவிட 6 டெசிபல் கீழே, 63-ல் வெறும் 2 டெசிபல் இழப்பு. அங்கேயே நிறுத்தியாச்சு. தனி டிஎஸ்பி (டிலே, ஈக்யூ எல்லாம் போடும் பெட்டி) இல்லாதவர்கள், ரிசீவர் இரண்டு சப்புக்கும் தனித்தனி தூரம் கேட்குமானால், முன் சப்புக்குப் போட்ட தூரத்தைவிடப் பின் சப்புக்கு 2.3 அடி குறைத்துப் போட்டால் அதே 2 மில்லிசெகண்ட் வந்துவிடும். உண்மையான தூரத்தை மறந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கெயின் மேட்ச், அதாவது இரண்டு சப்பின் சத்தத்தையும் ஒரே அளவாக்குவது. ஒரே மாடல் என்றாலும் நாப் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே சத்தம் என்று நம்பாதீர்கள். கோனுக்கு ஒரு இஞ்ச் முன்னால் மைக் வைத்து இரண்டையும் தனித்தனியே அளந்தால் ஒன்றரை டெசிபல் வித்தியாசம். சரிசெய்து நாப் மேல் டேப் ஒட்டிவிடுவது நல்லது. பெருக்கித் துடைக்கும்போது நகர்ந்துவிடும். ஆட்டோ ஸ்டாண்ட்பையை அணைத்துவிடுங்கள். ராத்திரி மெல்லிய வால்யூமில் ஒரு சப் மட்டும் தூங்கிப்போனால், மறுபடி எங்கே தப்பு என்று தேட வேண்டிவரும்.

பின் சப்புக்கு 8 மீட்டர் ஆர்சிஏ கேபிள். ரெடிமேடில் அந்த நீளம் கிடைக்காவிட்டால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கோஆக்சியல் கேபிளும் பிளக்கும் வாங்கிச் சால்டர் செய்வது மலிவு. போட்டதும் ஹம் வந்தது: பின் சப் வேறு சாக்கெட்டில் இருந்ததால் கிரவுண்ட் லூப். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றியதும் போச்சு. எர்த் பின்னை உடைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அடியில் போடும் ஜிம் மேட் தரை அதிர்வைக் குறைக்கும். கீழ்வீட்டுக்கு இறங்கும் பேஸை அல்ல.

நாற்காலி ஒன்று, கேட்பது பாட்டு மட்டும் என்றால் ஒரு சப், சரியான இடம், மேட்டை வெட்ட ஒரு கட் ஃபில்டர் போதும். மூன்று பேர் உட்காரும் சோஃபா என்றால்தான் இரண்டாவதற்குச் செலவு நியாயம். ஆழம் கூடும் என்று வாங்காதீர்கள். அதே 10 இஞ்ச் அதே ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும். முதல் நாள் பேஸ் குறைந்த மாதிரிகூட இருக்கும், ஊதல் போனதால்.

38-ல் மிச்சமிருக்கும் 5 டெசிபலுக்கு இன்னும் ஈக்யூ போடவில்லை. அதற்குள் பின் சப்பின் போலாரிட்டியைத் திருப்பி (தள்ள வேண்டிய இடத்தில் இழுக்கும்படி), ஹாலின் முழு நீளத்துக்கான 13 மில்லிசெகண்ட் டிலே கொடுத்து, முன்னாலிருந்து வரும் அலையைப் பின் சுவரிலேயே விழுங்க வைத்துப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. மைக் ஸ்டாண்டை இன்னும் மடிக்கவில்லை.