ஸ்டாப்வாட்ச் சொல்லாதது: பள்ளி கேட்சர்களை ஸ்கவுட்கள் எடைபோடும் விதம்

அமெரிக்க பேஸ்பால் ட்ராஃப்ட் (தொழில்முறை அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) நெருங்கினாலே பள்ளி கேட்சர்களைப் (அடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்கள்) பற்றிய பேச்சு பாப் டைம் என்ற ஒரே எண்ணில் போய் நிற்கும். பிட்சர் வீசிய பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தத்தோடு ஸ்டாப்வாட்ச் ஓட ஆரம்பிக்கும். அவன் எறிந்த பந்து இரண்டாம் பேஸில் (ஓடுகிறவன் வரிசையாகத் தொடவேண்டிய இடங்களில் இரண்டாவது) நிற்கும் தன் அணி ஆளின் கையுறைக்குள் போனதும் நிற்கும். உச்ச மட்டமான மேஜர் லீகில் 2.0 விநாடி சராசரி, 1.9 என்றால் நல்ல கை. பிட்சர் வீசி முடிக்க 1.3 விநாடி, கேட்சருக்கு 2.0, ஆக 3.3. முதல் பேஸிலிருந்து இரண்டாவதைத் திருட (பந்து அடிபடாமலே ஓடிச் சேர) வேகமான ஓட்டக்காரனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும்.

ஆனால் அந்த எண் எங்கே எடுத்தது என்று முதலில் கேளுங்கள். ஸ்கவுட்கள் (அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள்) பார்ப்பதற்காக நடத்தும் ஷோகேஸில் ஓடுகிறவன் இல்லை, பேட் குறுக்கே வராது, பந்து நெஞ்சுக்கு நேராக வரும். பந்து கைக்கு வருமுன்பே பையன் எழுந்து முன்னால் நகர்ந்துவிடுவான். அங்கே 1.85 காட்டியவன் ஆட்டத்தில் 2.05 எறிவது சாதாரணம். பந்தை வாங்குகிறவன் பேஸை விட்டு முன்னால் வந்து பிடித்தாலும் நேரம் குறைந்து தெரியும். அப்படிப்பட்ட எண்ணை அறிக்கையில் எழுதவே கூடாது.

நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். பந்தைக் கையுறையிலிருந்து எடுத்து விடுவிக்க 0.7 விநாடி, பிறகு 127 அடி 3 அங்குலம் பறக்க 1.3 விநாடி. காலும் கைமாற்றமும் மெதுவாக இருந்தால் பயிற்சியில் சரிசெய்யலாம். கையில் வலு இல்லையென்றால் கொஞ்சம்தான் கூட்டமுடியும். அதனால் 17 வயதில் 2.05 எறிகிறவன் ஏன் 2.05 எறிகிறான் என்பதுதான் கேள்வி. எறியும்போது கை நீளமாகப் பின்னால் போய்ப் பக்கவாட்டில் வந்தால் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். நேராக பேஸின் மேல் விழும் 2.0, பேஸைத் தாண்டி வளையும் 1.9-ஐ விட மேல்.

என்னைக் கேட்டால், உண்மையான சோதனை பந்தை வாங்கும் கையில்தான் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிப் பிட்சர்கள் மணிக்கு 80-85 மைல் வேகத்தில்தான் வீசுவார்கள். ப்ரோ (தொழில்முறை) பந்து 95 மைலில், கடைசி நொடியில் கீழே அமுங்கி வரும். அதனால்தான் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்கள் கூடும் ஏரியா கோட் கேம்ஸ் போன்ற இடங்களில், வேகமாக வீசும் பையன்களுக்கு எதிரே கேட்சரை உட்காரவைத்துப் பார்க்க ஸ்கவுட்கள் கூடுகிறார்கள். கையுறை பந்துக்குக் கீழேயிருந்து மேலே வருகிறதா, அல்லது பந்தைத் துரத்திப் போய்க் குத்துகிறதா? தாழ்ந்த பந்தில் மணிக்கட்டு பந்தோடு சேர்ந்து கீழே தொங்கினால் நல்ல ஸ்ட்ரைக்கும் (எல்லைக்குள் வந்த பந்து) நடுவர் கண்ணில் பாலாகிவிடும் (எல்லைக்கு வெளியே போனது). 2026 சீசனிலிருந்து மேஜர் லீகில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடும் சேலஞ்ச் முறை வந்திருக்கிறது. ஆனால் முறையீடு ஒவ்வொரு பந்துக்கும் கிடையாது. மற்ற பந்துகளில் இந்தக் கைக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஸ்ட்ரைக் எல்லையைத் துல்லியமாகத் தெரிந்து முறையிடுவதும் இப்போது கேட்சரின் வேலை.

மண்ணில் விழும் பந்தைத் தடுப்பதில் ஒரு சின்னக் காட்சி நிறையச் சொல்லும். மூன்றாம் பேஸில் எதிரணி ஆள், அடிப்பவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக் (மூன்றானால் அவுட்). பந்து கேட்சரைத் தாண்டிப் போனால் அந்த ஆள் ஓடி வந்துவிடலாம். பிட்சர் தன் சிறந்த வளைபந்தைத் தரையில் விழும்படி வீசத் துணிகிறானா? கேட்சர் தடுக்கமாட்டான் என்று பயந்தால் அவன் உயரமாக வீசுவான், அடி வாங்குவான். நல்ல பையன் கையுறையை முதலில் தரையில் வைப்பான். தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தோளை முன்னால் குவித்து, பந்து நெஞ்சில் பட்டு முன்னால் விழும்படி செய்வான். பந்தைப் பிடிக்கப் பார்க்கிறவன் அதைத் தவறவிடுவான். ஏழாவது இன்னிங்ஸிலும் அதே மாதிரி முழங்கால் இறங்குகிறதா என்று பாருங்கள். இடுப்பும் கணுக்காலும் இறுகியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

எந்தப் பந்தை வீசவைப்பது என்ற மூளையை மட்டும் இந்த வயதில் அளக்கமுடியாது. பெரும்பாலான பள்ளிகளில் அந்த முடிவு டக்கவுட்டிலிருந்து (அணி உட்காரும் இடம்) பயிற்சியாளர் எடுப்பது.

அடுத்தது பேட். கேட்சருக்கு அடிக்கும் தரம் கொஞ்சம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் உலோக பேட்டில் அடித்ததை நம்பாமல் மர பேட்டில் பார்க்கவேண்டும். அடி நன்றாக இருந்து உடம்பும் வேகமாக வளர்ந்தால் அவன் வேறு இடத்துக்கு மாற்றப்படலாம். 2009-ல் மூன்றாம் சுற்றில் கேட்சராக எடுக்கப்பட்ட வில் மையர்ஸ், அவுட்ஃபீல்டராக (மைதானத்தின் வெளிப்பகுதியைக் காப்பவர்) 2013-ல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார்.

இந்தத் தேர்வில் ஆபத்து அதிகம் என்பதற்கு வரலாறே சாட்சி. 1966-ல் நியூயார்க் மெட்ஸ் அணி முதல் தேர்வாக ஸ்டீவ் சில்காட் என்ற பள்ளி கேட்சரை எடுத்தது. அடுத்த தேர்வு, பின்னாளில் பெரும் நட்சத்திரமான ரெஜி ஜாக்சன். தோள் காயங்களால் சில்காட் மேஜர் லீகையே எட்டவில்லை. மறுபக்கம், 2001-ல் மினசோட்டா ட்வின்ஸ் அணி முதலாவதாக எடுத்த பள்ளி கேட்சர் ஜோ மாவர் 2024-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் (சாதனையாளர்களுக்கான கௌரவ வரிசை) போனார். 1971-ல் முதல் தேர்வான பள்ளி கேட்சர் டேனி குட்வின் ஒப்பந்தமே போடாமல் கல்லூரிக்குப் போய்விட்டார்.

கடைசியாகச் சொன்னதுதான் இன்றைய பெரிய தலைவலி. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டு, அணி தரும் மொத்த ஒப்பந்த போனஸும் கட்டுப்படுத்தப்படுகிறது. கல்லூரியில் இடம் உறுதியான கேட்சர் அந்தத் தொகைக்கு மேல் கேட்டால், மற்ற தேர்வுகளில் மிச்சம்பிடித்துத்தான் கொடுக்கமுடியும். ஆகவே பகுதி ஸ்கவுட் குளிர்காலத்திலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து, எவ்வளவு கொடுத்தால் கல்லூரியை விடுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வார்.