ஒரு பேனா, ஒரு பென்சில், உள்ளங்கை அளவு தாள்

ஜென்டாங்கிள், அதாவது சின்னச் சின்ன வடிவங்களைத் திரும்பத் திரும்ப வரைந்து தாளை நிரப்புகிற கலை, வரைந்து பார்க்கலாம் என்று ஆசைப்படுகிற பலர் முதலில் செய்வது ஒரு பெரிய பட்டியல் போடுவதுதான். 24 பேனா உள்ள செட், கலர் பென்சில், ரெண்டு மூன்று ஸ்கெட்ச் புக், ஸ்டென்சில். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்தால் எதை எடுப்பது என்ற யோசனையிலேயே அரை மணி நேரம் போய்விடும். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து மனதைக் கொஞ்சம் அடங்க விடத்தானே உட்கார்கிறோம், அங்கேயும் முதல் வேலை பத்து முடிவு எடுப்பது என்றால் அமைதி எங்கிருந்து வரும்? ஒரு கறுப்புப் பேனா, ஒரு பென்சில், சின்னச் சதுரமாக வெட்டிய கொஞ்சம் கெட்டியான தாள். ஆரம்பத்தில் இது போதும், நிஜமாகவே போதும்.

இந்த முறையை உருவாக்கிய அமெரிக்கர்கள் ரிக் ராபர்ட்ஸும் மரியா தாமஸும் சாமான்களை வேண்டுமென்றேதான் இவ்வளவு குறைவாக வைத்தார்கள். மரியா அழகெழுத்துக் கலைஞர், ரிக் ஒரு காலத்தில் துறவியாக வாழ்ந்தவர். அவர்கள் பயன்படுத்தும் தாள் பக்கத்துக்கு மூன்றரை அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், வரைய வரையத் தாளைத் திருப்பிக்கொண்டே போகலாம். பெரிய வெள்ளைப் பக்கத்தைப் பார்த்ததும் வருகிற தயக்கம் இதில் வராது.

தாளிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பேனாவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், தாளை யாரும் கண்டுகொள்வதில்லை. சாதாரண ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். அதில் பழகலாம், தப்பில்லை. ஆனால் மை லேசாக ஊறிப் பரவும், பென்சிலைத் தேய்த்தால் மேல்பரப்பு சீக்கிரம் நைந்துவிடும். 150 முதல் 200 ஜிஎஸ்எம் வரையுள்ள டிராயிங் தாள் கிடைத்தால் வரைகிற அனுபவமே மாறிவிடும். வாட்டர்கலருக்கான சொரசொரப்பான தாள் வேண்டாம், பேனா முனை மேடு பள்ளத்தில் தட்டித் தட்டிப் போகும், முனையும் சீக்கிரம் தேயும். பளபளவென்று இருக்கும் தாளும் வேண்டாம், அதில் மை காய நேரமாகும், பென்சில் பிடிக்கவே பிடிக்காது. விரலால் தடவினால் வழவழப்பாகத் தெரிய வேண்டும், ஆனாலும் துளி பிடிமானம் இருக்க வேண்டும். ஒரு ஏ4 தாளில் 9 சென்டிமீட்டர் சதுரம் ஆறு வெட்டலாம். ஓரத்தில் 3 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக ஐந்தாறு கோடு போட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகும் நடுவில் வெள்ளை சுத்தமாகத் தெரிந்தால் அந்தப் பேனாவுக்கும் அந்தத் தாளுக்கும் ஒத்துப்போகிறது என்று அர்த்தம்.

அப்புறம் பேனா. ஜென்டாங்கிளுக்கென்று பெரும்பாலும் சொல்லப்படுவது சகுரா பிக்மா மைக்ரான் 01 என்ற மெல்லிய முனைப் பேனா. அந்த எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அதன் கோடு 0.25 மில்லிமீட்டர் தடிமன். 005 என்பது 0.20, 05 என்பது 0.45. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 01 வாங்குங்கள், நுணுக்கமான கோட்டுக்கும் ஆகும், சின்னச் சின்ன இடத்தைக் கறுப்பாக நிரப்பவும் ஆகும். இதே பேனாதான் வேண்டும் என்றில்லை. பிக்மென்ட் மை என்று போட்டிருக்கும் எந்த மெல்லிய முனைப் பேனாவும் சரி, அந்த மை காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது, எளிதில் வெளுக்காது. ஜெல் பேனாவில் மை ஈரமாகவே கொஞ்ச நேரம் நிற்கும், கை பட்டால் இழுக்கும், இடது கைக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. பால்பாயின்ட் பேனாவில் வளைவு திரும்புகிற இடத்தில் மை திரண்டு பொட்டு விழும்.

மெல்லிய முனைப் பேனாவை அழுத்திப் பிடிக்கவே கூடாது. முனை உள்ளே போய்விடும், பிறகு கோடு ஒரு பக்கம் தேய்ந்த மாதிரிதான் வரும். தாளைத் தொட்டும் தொடாமலும் மெதுவாக இழுத்தால் போதும், அப்படி இழுக்கும்போது கையும் மூச்சும் தானாகவே நிதானமாகிவிடுகின்றன. பலருக்கு மனம் அமைதியாவது இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முனை தேய்ந்த பழைய பேனாவை, இடங்களைக் கறுப்பாக நிரப்புவதற்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சிலுக்கு ரெண்டே வேலை. முதலில் நான்கு மூலையில் புள்ளி வைத்து, அவற்றை இணைத்து, உள்ளே லேசாக ஒரு வளைந்த கோடு போட்டு இடத்தைப் பகுதிகளாகப் பிரிப்பது. கடைசியில் நிழல் கொடுப்பது. ரெண்டுக்கும் ஒரு 2பி பென்சில் போதும். ஒரு வடிவத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் பென்சிலைப் பூசி, இறுக்கிச் சுருட்டிய காகிதத்தால் உள்பக்கமாக இழுத்துத் தேய்த்தால், தட்டையாகக் கிடந்த வடிவம் சட்டென்று மேலே எழும்பி நிற்கும். இதற்கென்றே டார்டிலியன் என்று காகிதக் குச்சி விற்கிறார்கள், காது குடையும் பட்ஸும் அதே வேலையைச் செய்யும். விரலால் மட்டும் தேய்க்காதீர்கள், தோலின் எண்ணெய்ப் பசை பட்டு அழுக்கு மாதிரித் தெரியும். மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் நிழல். கறுப்பாக நிரப்பிய இடத்தின் மேல் பென்சில் ஏறினால் அங்கே சாம்பல் மினுமினுப்பு வந்து கறுப்பு மங்கிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் வேண்டாம். ஸ்கேலும் வேண்டாம். முதலில் போட்ட பென்சில் கோட்டை யாரும் அழிப்பதில்லை, அது வடிவங்களுக்கும் நிழலுக்கும் நடுவில் கலந்து மறைந்துவிடும். பேனாக் கோடு எங்காவது விலகிப் போனால் அதை ஒட்டியே இன்னொரு கோடு போட்டு வடிவத்தைத் தொடரலாம். பக்கத்தில் ரப்பர் இருந்தால் கண் அடிக்கடி அதன் பக்கம் போகும், ஒவ்வொரு கோட்டையும் மனம் எடை போட ஆரம்பிக்கும்.

இதெல்லாம் கை பழகி, வேறு ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் கலர் செட் பக்கம் போவதற்கு முன் பழுப்பு நிறத் தாளை முயற்சி செய்யுங்கள். அதே கறுப்புப் பேனா, அதே பென்சில், கூட ஒரு வெள்ளைப் பென்சில் மட்டும். அதற்குப் பிறகு கறுப்புத் தாளும் வெள்ளை ஜெல் பேனாவும். அங்கே நிழலுக்குப் பதில் வெளிச்சத்தைப் பூச வேண்டியிருப்பதால் கண்ணுக்குப் பழக நேரம் எடுக்கும், அதனால் முதல் கறுப்புத் தாளில் உங்களுக்கு நன்றாகக் கைவந்த ஒரே ஒரு வடிவத்தை மட்டும் வரையுங்கள்.