நாலு கோடும் காட்டிய கிழக்கு ஜன்னல்

எங்கள் ஏலக்காய்த் தோட்டம் போடிமெட்டை ஒட்டிக் கேரளப் பக்கம், மலை விளிம்பில் இருக்கிறது. ஃபைபர் லைன் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. "இன்னும் பதினாலு போஸ்ட் நடணும்ணே, ஒரு வீட்டுக்காக எப்படி?" என்றார் கேபிள்காரர். அதுவும் நியாயம்தான். ஆனால் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. எனக்கோ புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில் காய் என்ன விலை போகிறது என்று பார்த்தாக வேண்டும். சரி என்று சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கினேன்.

வைத்த இடம்தான் தப்பு. கிழக்கு ஜன்னலில் செல்போன் சிக்னல் நாலு கோடும் காட்டும். ராத்திரியில் அங்கிருந்து போடி விளக்குகள் தெரியும். அங்கேயே வைத்தேன். நொடிக்கு 2 மெகாபிட்கூடத் தேறவில்லை. சிம்மை மாற்றினேன், திட்டத்தை மாற்றினேன், ஒரு வாரம் வீணாகப் போனது.

பிறகுதான் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து எண்களைப் பார்த்தேன். (பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும்.) ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது சிக்னலின் பலம். மைனஸ் 90 நல்லது, மைனஸ் 110 மோசம். எஸ்.ஐ.என்.ஆர். என்பது அதன் தெளிவு. எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. கிழக்கு ஜன்னலில் பலம் மைனஸ் 88, தெளிவு வெறும் 1. உயரத்தில் இருப்பதால் கீழே சமவெளியில் இருக்கும் டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன. சந்தையில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து கூவினால் யார் சொல்லும் விலையும் புரியாதே, அந்தக் கதை.

எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு வீடு முழுக்கச் சுற்றினேன். "கரகம் எடுத்த மாதிரில்ல சுத்துறீங்க" என்றாள் மனைவி. கடைசியில் சமையலறைக்குப் பின்னால், மேற்குப் பக்கம் பலம் மைனஸ் 103, தெளிவு 12. செல்போனில் ஒரே ஒரு கோடுதான். வேகமோ 18 மெகாபிட்! வீடே கிழக்குப் பக்கத்து டவர்களை மறைத்துக்கொண்டதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஜி.ஐ. பைப் நட்டு, மேற்கே பார்த்து, ஒரு பக்கத்துச் சிக்னலை மட்டும் நன்றாகப் பிடிக்கும் திசை ஆன்டெனா வைத்தேன். ரவுட்டரில் இரண்டு ஆன்டெனா முனைகள் உண்டு, இரண்டிலும் வயர் கொடுக்க வேண்டும். கடைக்காரர் 15 மீட்டர் வயர் கொடுக்கப் பார்த்தார். அது நீள நீள சிக்னல் வழியிலேயே கரைந்துவிடும். ரவுட்டரையே கூரைக்கடியில் ஏற்றி, 3 மீட்டர் வயரோடு நிறுத்திக்கொண்டேன். அங்கிருந்து வீட்டுக்குள் வந்தது லான் கேபிள்; அது 100 மீட்டர் வரை தாங்கும்.

குறை இல்லாமல் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஊரே அந்த மேற்குப் பக்க டவரில் தொங்கும், வேகம் பாதியாகிவிடும். மகள் பாட வீடியோக்களை விடியற்காலையில் இறக்கி வைத்துக்கொள்கிறாள். ஸ்டோரில் இருக்கும் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க முடியவில்லை. சிம் இணைப்பில் வெளியிலிருந்து நம்மைத் தேடி வர உதவும் ஐ.பி. முகவரி (இணையத்தில் நம் வீட்டு விலாசம் மாதிரி) பெரும்பாலும் நமக்கென்று தனியாகக் கிடைப்பதில்லை, பல பேருக்கு ஒன்றுதான். கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். கரண்ட் போனால் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். சமாளிக்கும். ஐப்பசி இடிக்கு மட்டும் நான் இன்னும் ஒரு வழியும் செய்யவில்லை. வானம் கறுக்கும் முன்பே ஏணியில் ஏறி ஆன்டெனா வயர்களைக் கழற்றிவிட்டு வருகிறேன்.